என் குசினிப் புகை

தர்மபுரத்தில் காணி கிடைத்து, தனியாகக் குடிசை போட்டிருந்த காலத்தில் எனக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்தது. படலையில் வேப்பிலை கட்டினேன். அதைக் கண்டால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். நானே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

துணைக்கு ஒரு நாவல் இருந்தது. கொள்ளைநோயில் உலகமே அழிந்து, ஒருவன் மட்டும் மிஞ்சுகிற கதை. வெறிச்சோடிய தெருக்களில் அவன் அலைவதை வாசிக்க வாசிக்க, அவன் நான்தான் என்று தோன்றிவிட்டது. நான் செத்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழக்கூடச் செய்தேன். ஒருநாள் காலையில் அந்தச் சுவாரசியத்தில் குசினி அடுப்பை மூட்டவே மறந்துபோனேன்.

வெயில் ஏறியபோது, "தம்பி! தம்பி!" என்று ஒரு பதறிய குரல் கேட்டது. எழுந்து வெளியே வந்தேன். பக்கத்துக் காணிப் பரமேசக்கா வேப்பிலையைத் தாண்டி முற்றத்துக்கே வந்து நின்றார்.

"ஐயோ, வராதேங்கோ அக்கா! கைக்குழந்தை இருக்கெல்லோ?"

"ஓம், குளிச்சிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவன். உன்ரை குசினியிலை புகையைக் காணேல்லையடா! விடிய எழும்பி அதைப் பாத்திட்டுத்தான் நான் மற்ற வேலை பாக்கிறனான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

நாவலில் வந்தவனுக்குக் கடைசியில் யாராவது கிடைத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதை மேற்கொண்டு வாசிக்கவில்லை. மறுநாள் எனக்குப் பசிக்கவே இல்லை. ஆனாலும் விடிந்ததும் விடியாததுமாக, ஈர விறகாகப் பார்த்து அடுப்பில் வைத்தேன், நன்றாகப் புகையட்டும் என்று.