உட்கார்ந்த காந்தாரம்

வீணைக்குக் கம்பி மாற்றுவதும் மெட்டு வைப்பதும்தான் எனக்குப் பிழைப்பு. செல்லூரில் நாலு பக்கமும் தறிச் சத்தம். அதற்கு நடுவில் சுருதி பார்க்கிற கிறுக்கன் என்று தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மெழுகையும் கரித்தூளையும் கலந்து வீணைத் தண்டின் மேல் பூசி, அது இளகியிருக்கும்போதே வெண்கல மெட்டுகளை நகர்த்தி நிறுத்த வேண்டும். கூட ஒருவர் சுரம் பாடினால் வேலை சுலபம். எனக்குப் பாடியவள் என் மனைவி. அவள் பாடும் 'க', அந்தக் காந்தாரச் சுரம் மட்டும் ஒரு மயிரிழை இறங்கித்தான் நிற்கும்.

"உன் காந்தாரம் உக்காந்தே கெடக்கு, எந்திரிக்கச் சொல்லு" என்பேன்.

"எனக்கு இதுதேன் சரி. உங்க காதுலதேன் கோளாறு" என்பாள்.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் தன் மகளுக்கு வாங்கிய பழைய வீணைக்கு மெட்டு வைத்த அன்று சண்டை முற்றிவிட்டது. சரி, போ என்று காந்தார மெட்டை அவள் குரலுக்கே வைத்தேன். அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பிள்ளை இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. கம்பி மாற்றுகிற சாக்கில் சோழவந்தானுக்குப் போவேன். உலக யுத்தம் வந்து சீமைக் கம்பி கிடைக்காத காலத்திலும், துருவையாவது துடைத்துத் தருகிறேன் என்று போனேன். வேலை முடிந்ததும் அந்த மெட்டில் விரலை அழுத்தி ஒருமுறை மீட்டுவேன். அவளே பாடுவாள். வீடு வந்து சேர அது போதும்.

ஒரு சித்திரையில் கொடிக்கால்காரரே வீணையும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார். "பரவைச் சந்தையில வீணையோட வண்டிய வெயில்ல விட்டுட்டோம்ணே. மெழுகு பூரா ஓடிப்போச்சு."

உறையை உருவினேன். மெட்டுகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன.

"வெத்தலைக்கு மட்டும் ஈரச்சாக்குப் போடத் தெரியுதுல்ல? வீணைய வெயில்ல வைப்பாகளா?" என்று கத்தினேன். பாவம், மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

மற்ற மெட்டுகள் சொன்னபடி கேட்டன. காந்தாரத்தை இறக்கினேன். வெறும் அபசுரம்; அவள் இல்லை. கொஞ்சம் ஏற்றினேன். அதுவும் இல்லை. மெழுகைத் திரும்பத் திரும்ப இளக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் காது அதைச் சரியான இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. இத்தனை வருடம் சோறு போட்ட காது. பாழாய்ப் போன காது!

மெழுகு இறுகிவிட்டது. தகப்பனோடு வீணையை எடுத்துப் போக வந்த மகள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தேன் பெரியப்பா சரியாப் பேசுது. இம்புட்டு நாளும் ஒரு எடத்துல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சொன்னா நீங்க கோவிச்சுக்குவீகன்னு சொல்லல."

"ஆமா தாயி, இப்பச் சரியாயிருச்சு" என்றேன்.

மறு வருடம் கம்பி மாற்ற ஆள் அனுப்பினார்கள். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டேன்.