சின்ன விமானத்தில் சொன்ன எடை

கலிஃபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து மகன் குடும்பத்தோடு அலாஸ்கா போனேன். மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலில் படகில் போய், பனிப்பாறை இடிந்து விழுவதைப் பார்த்தோம். மறுநாள் சின்ன விமானம். ஏறுமுன் ஒவ்வொருவர் எடையையும் கேட்டார்கள்; மருமகள்தான் ஃபார்மில் எழுதினாள். அவள் எதிரில் எண்பத்திரண்டு கிலோ என்று சொல்ல மனம் வரவில்லை, எழுபது என்றேன்.

பனிக்கு மேலே விமானம் குலுங்கிச் சாய்ந்தது. பக்கத்தில் பேத்தி. என் பொய்யால்தான் சாய்கிறது என்று பயந்துபோனேன்.

"டேய், பன்னெண்டு கிலோ குறைச்சுச் சொல்லிட்டேன்டா. பைலட்கிட்ட சொல்லு!" என்று மகனிடம் கத்தினேன்.

காதில் மாட்டிய ஹெட்செட்டில் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"பயப்படாதீங்க அத்தை," என்றாள் முன்னால் இருந்த மருமகள். "ஃபார்ம்ல உங்களுக்கு நான் ஜாக்கெட்டோட எண்பத்தஞ்சுன்னுதான் போட்டேன்."

பயம் விட்டது. ஆனால் இறங்கும்வரை நான் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.