அமோனியாவில் கழுவிய தோட்டாக்கள்

மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் துப்பாக்கி துடைக்கும் வேலை இருதயத்துக்கு. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிக் கொடுப்பதும் அவன்தான். துரை தனக்கு மட்டும் கப்பலில் புதுத் தோட்டா வரவழைத்துக்கொள்வார். இருதயம் நிரப்பியதெல்லாம் ரெங்கசாமிக்குப் போகும். இளம் ரப்பர் கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறாமல் காவல் காப்பவன் ரெங்கசாமி. இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். மதம் வேறு, சாதி வேறு என்றாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இருதயம் தோட்டாவைப் புளித்தண்ணீரில் ஊறவைப்பான். கரி கழன்றதும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைப்பான். பிறகு தவிட்டோடு சாக்கில் போட்டுக் குலுக்குவான். முழுசாக இரண்டு நாள் பிடிக்கும்.

1928-இல், மழை விட்ட ஒரு வாரத்தில், பன்றிகள் இருநூறு கன்றுகளைப் பிடுங்கிப் போட்டன. நாளைக் காலைக்குள் நூறு தோட்டா வேண்டும் என்றார் துரை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் ரப்பர் ஸ்டோரிலிருந்து ஒரு டின்னைத் தூக்கி வந்தார். ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியா.

"இதுல போடு. பத்து நிமிசத்துல பவுன் மாதிரி ஆயிடும்."

"கிராணி ஐயா, ஸ்டோர்ல இது பட்ட பித்தளைக் குழாய் விரிசல் விட்டுப் போச்சே. நானே பாத்தேன். புளியிலயே செய்யறேன், ரெண்டு நாள் குடுங்க."

துரை பிரம்பால் அவன் தோளில் ஒன்று வைத்தார். தோட்டாக்கள் அமோனியாவில் இறங்கின. மறுநாள் காலை துரை இருதயத்தின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்து, பங்களாவின் பின்பக்க மண்மேட்டைச் சுடச் சொன்னார். பத்துச் சுட்டான். பத்தும் ஒழுங்காக வெடித்தன.

"பாத்தியா? புளி உன் ரசத்துக்கு," என்று துரை சிரித்தார். கிராணியும் சிரித்தார்.

மூன்று வாரத்தில் ரெங்கசாமி பாதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தான்; ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த தோட்டாக்களை எண்ணெய்த் துணியால் துடைத்தபோது, ஒன்றின் அடிப்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. இன்னொன்றிலும் இருந்தது; அமோனியா மெல்ல மெல்லப் பித்தளையைத் தின்றிருந்தது. துரையிடம் போனால் பிரம்பு. ரெங்கசாமியிடம் சொன்னால் அவன் சுட மாட்டான், அப்புறம் அவன் முதுகிலும் பிரம்பு. கண்ணில் பட்ட கீறல் தோட்டாக்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் புதைத்தான். மற்றவற்றைப் பையில் போட்டு ரெங்கசாமியிடம் நீட்டினான்.

"மச்சான், பாத்துச் சுடு," என்றான். கீறலைப் பற்றிச் சொல்லாமல் திரும்பிவிட்டான்.

மறுநாள் விடியற்காலை இரண்டாவது தோட்டா பின்பக்கமாகப் பிளந்து நெருப்பைக் கக்கியது. ரெங்கசாமியின் வலது கண் போயிற்று. கன்னம் வெந்து தொங்கியது.

மருந்து அளவு தெரியாமல் இருதயம் அதிகமாகத் திணித்ததால் வந்த விபத்து என்று கிராணி எழுதினார், துரை கையெழுத்துப் போட்டார். பிறகு இருதயத்தைக் கூப்பிட்டார்.

"நீ நிரப்பின தோட்டா. இனி காவலும் நீயே."

கிராணி, மிச்சத் தோட்டாக்கள் இருந்த பையையும் துப்பாக்கியையும் அவன் முன் வைத்தார். இருதயம் துப்பாக்கியைத் தொடவில்லை. பையைக் கவிழ்த்து, சிமென்ட் தரையில் உருண்ட தோட்டாக்களிலிருந்து மருந்தையும் குண்டையும் தட்டிக் கொட்டினான். வெறும் கூடுகளை ஒவ்வொன்றாகக் குதிகாலால் மிதித்தான். பித்தளை நசுங்கவில்லை, பிஸ்கட்டைப் போல நொறுங்கியது.

"பாருங்க துரை! நல்லாப் பாருங்க!"

துரை பார்த்தார். கூலிகளை மேய்க்கும் கங்காணியை அழைத்து அவனைத் தூணில் கட்டச் சொன்னார். இருபது அடி. அன்று சாயங்காலமே இருதயமும் அவன் மனைவி கெர்ட்ரூட்டும் சட்டி பானையோடு கூலிகளின் லயத்து வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

போகும் வழியில் இருதயம் ரெங்கசாமியின் வீட்டு வாசலில் நின்றான். ரெங்கசாமியின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி பவுனம்மாள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"மச்சான், எல்லாத்தையும் துரை கண்ணு முன்னாலயே மிதிச்சு நொறுக்கிட்டேன்," என்றான் இருதயம். முதுகில் சட்டை ரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

ரெங்கசாமி மிச்சமிருந்த கண்ணால் அவனைப் பார்த்தான்.

"எங்கிட்டக் குடுக்கறதுக்கு முன்னால மிதிச்சிருக்கலாம்ல," என்றான்.

பவுனம்மாள் கதவைச் சாத்தினாள்.