சாலையில் விரித்த கொள்ளு

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அண்ணனின் மோட்டார் சைக்கிள், சூளகிரிக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டிய வளைவில், எங்கள் வீட்டுக் கொள்ளின் மேல்தான் சறுக்கியது.

எங்கள் பக்கத்தில் கொள்ளு அறுத்ததும் செடியோடு தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். லாரிச் சக்கரம் ஏறி ஏறி மணியைப் பிரித்துக் கொடுக்கும். வளைவில் லாரிகள் மெதுவாகப் போகும், செடி சிதறாது என்று அம்மா எப்போதும் அந்த இடத்தைத்தான் பிடிப்பாள். பொழுது சாய்ந்ததும் வாரிவிடுவது வழக்கம். அன்றைக்கு லாரி வரத்துக் குறைவு. மணி பாதிகூடப் பிரியவில்லை. விடியும்வரை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விடிகாலையில், வேலை பார்த்த பெங்களூர் ஆலையிலிருந்து புறப்பட்டு, ஓசூரைத் தாண்டி மூடுபனிக்குள் வந்த அண்ணனுக்கு, நனைந்து கிடந்த செடி கண்ணில் படவேயில்லை.

கால் பிழைத்தது. ஆனால் வலது முழங்கால் மடங்க மறுத்தது. வண்டியின் கிக்கர் வலது பக்கத்தில் இருந்தது.

நான் அப்போதுதான் கல்லூரி முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, இருப்புக்கொள்ளாமல் வீட்டில் திரிந்துகொண்டிருந்தேன். வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி வண்டியைப் பின்கட்டில் நிறுத்தினேன். அண்ணன் எழுந்து வரும் நாளில் அது ஒரே உதையில் கிளம்ப வேண்டும். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

சித்திரையில் கெட்டி ஆயில் மாற்றினேன், வெயிலில் டயர் வெடித்துவிடாமல் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், பெட்ரோல் டாங்கின் மேல் ஈரச்சாக்குப் போட்டேன். ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசியபோது கார்புரேட்டர் வாயில் மல்துணி கட்டினேன். உள்ளே கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வரும்.

“டேய், அத என்ன பொண்ணு பாக்க வராங்களா? இந்தச் சோடிப்பு சோடிக்கற!”

“நீ வந்து ஓட்டுண்ணா, நான் இதெல்லாம் நிறுத்திக்கறேன்.”

கட்டில் கிறீச்சிடும். சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துவிடுவான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டி கிளம்பிக் கிளம்பி அணைந்தது.

“இருமுதுடா. மேக்னெட்டோவுல ஈரம் ஏறிப் போச்சு.”

“தொடச்சிட்டேண்ணா.”

“என்னத்த தொடச்ச, இன்னும் இருமுதே!”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அவன் காது வண்டியிடம்தான் இருந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைச் சுற்றிக் கட்டினேன்.

மார்கழிக் குளிரில் ஆயில் நெய்யாய் உறைந்தது. இளகின ஆயில் ஊற்றினேன். ப்ளக்கைக் கழற்றி அடுப்புத் தணலில் சூடு காட்டினேன். “சோறாக்கற அடுப்புல இரும்ப வறுக்கறான் பாரு,” என்று அம்மா சொன்னாள். சிரிக்கவில்லை.

மறுபடி கொள்ளு அறுப்பு வந்தது. ஊரே ரோட்டில் பரப்பியபோது அம்மா மட்டும் வாசலில் கொட்டித் தடியால் அடித்தாள். வழியில் போன பக்கத்து நிலத்துக்காரி நின்றாள்.

“ரோட்ல போட்டா லாரிக்காரன் சும்மாவே மிதிச்சிட்டுப் போறான். உனக்கென்னக்கா, கை திமிரெடுத்துக் கெடக்குதா?”

அம்மா நிமிராமல் அடித்தாள்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அண்ணன் கோலை ஊன்றிப் பின்கட்டுக்கு வந்தான். நான் ஓடிப்போய் ப்ளக்கைச் சூடாக்கி மாட்டினேன். கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கையால் தூக்கிக் கிக்கர் மேல் வைத்தான். கால் அங்கே கிடந்தது, அழுந்தவில்லை. நின்ற வாக்கில் திரும்பி இடது காலால் மிதித்தான். கிக்கர் பாதி இறங்கித் திருப்பி அடித்தது. அவன் சுவரில் சாய்ந்தான். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டான்.

“நீ உதை,” என்றான்.

உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. எந்தப் பிசிறும் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனே கை நீட்டி அணைத்தான்.

கோலை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

“அம்மா, அத ரோட்லயே போடும்மா. இனி அந்த வளைவுல நான் வண்டியில வரமாட்டேன்.”

அம்மா தடியைக் கீழே வைக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள்.