நாலு டிகிரி அந்தோணி

வண்டி முழுசாக நிற்கும்வரை காத்திருக்கிற பழக்கம் அந்தோணியிடம் கிடையாது. வேகம் குறைந்ததுமே குதித்து, பின்பக்கம் ஓடி, மூக்கு இடிக்கிற அளவுக்கு வெப்பமானியிடம் குனிந்து, "நாலே கால்!" என்று கத்துவார். யாருக்காகக் கத்துகிறார் என்று இன்றுவரை தெரியாது. டிரைவர் தணிகாசலத்துக்கு அந்த விவரம் வேண்டாம். டேங்கருக்குள் இருக்கிற ஐயாயிரம் லிட்டர் பாலுக்குக் காது கிடையாது. ஆனாலும் பத்து மைலுக்கு ஒரு தரம் கத்தி, நோட்டிலும் எழுதிவிடுவார். ரோட்டுக் கல்லில் கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவருக்கு இன்னும் மைல்தான்.

பாலைக் குளிரவைக்கிற காஞ்சிபுரம் சில்லிங் சென்டரிலிருந்து மெட்ராசுக்குப் போகும் பால் வண்டியில் அவர் அட்டெண்டர். வாய் தவறி "கிளீனர்" என்று சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். வேலை இரண்டே இரண்டு. பால் சூடேறக் கூடாது. பாலில் எவனும் கை வைக்கக் கூடாது. கிளம்பும்போது மேல்மூடியையும் பின்குழாயையும் கம்பியால் கட்டி, முடிச்சில் ஈய வில்லை வைத்து நசுக்கி, சீல் போடுவார்கள். மெட்ராசில் வெட்டும்வரை அந்தக் கம்பிதான் அந்தோணியின் சோறு. வழியில் அறுந்துபோனால் தண்ணீர் கலந்துவிட்டதாகத்தான் எழுதுவார்கள். இவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்.

அதனால் வழியில் சுங்குவார்சத்திரத்தில் எல்லாரும் பெஞ்சியில் உட்கார்ந்து டீ குடிக்க, இவர் மட்டும் குழாயில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றே குடிப்பார். "குழா என்னாய்யா, ஓடியா பூடும்?" என்பார் கடைக்காரர். "குழா ஓடாதுபா. உள்ள இருக்குறது ஓடும்" என்பார் இவர்.

போகப்போக உலகமே அவருக்கு டிகிரியாகிவிட்டது. மாதா கோயில் சாமியாரின் பிரசங்கத்துக்குக்கூட அளவு சொல்வார்: "இன்னிக்கி சூடு பத்தலபா, இருவத்தஞ்சுதான்." மேனேஜர் அறைக்குள் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "இப்போ போவாத, நாப்பத்திரண்டுல இருக்குறாரு" என்பார். மனைவி சூசையம்மாளின் கோபத்தை மட்டும் அளப்பதில்லை. அதற்கெல்லாம் கருவி இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். சொந்த ஊரான ஏனாத்தூரில் அவர் பெயரே 'டிகிரி அந்தோணி' என்று நிலைத்துவிட்டது. வம்பு அங்கேதான் பிறந்தது.

மகள் லில்லிக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. மூன்று இடம் வந்து, காப்பி குடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துபோய், சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். நாலாவதைத் தணிகாசலம் பிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை இளங்கோவன் பி.ஏ., பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். அப்பா தேவசகாயம் முசரவாக்கத்தில் வாத்தியார். "டிகிரி அந்தோணி வூடுன்னு கேளுங்க சார், யாரா இருந்தாலும் காட்டுவாங்க" என்று தணிகாசலம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இதுவும் போனால் அவ்வளவுதான் என்று சூசையம்மாள் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அந்தோணி அழவில்லை. இரண்டு நாளாகச் சோறுதான் இறங்கவில்லை.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. லீவு கேட்டதற்கு, பாலுக்கு ஏதய்யா ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, வீடு மெட்ராஸ் ரோட்டு ஓரத்திலேயே இருந்தது. "பத்து நிமிசம் நிறுத்துறேன், போய்த் தலையக் காட்டிட்டு வா" என்றார் தணிகாசலம்.

வண்டி புளியமர நிழலில் நின்றது. அந்தோணி தலையைக் காட்டத்தான் செய்தார், வண்டிக்குப் பின்னாலிருந்து. குழாயை விட்டு ஓர் அடி நகரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து எத்தனை பேர் கைகாட்டிக் கூப்பிட்டாலும் அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் வாத்தியாரே மனைவியைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

"ரொம்பப் பெருமையா இருக்குதுங்க. டிகிரி டிகிரின்னு ஊரே சொல்லுது. மொத்தம் எத்தினிங்க?"

"நாலுங்க" என்றார் அந்தோணி பணிவாக.

"நாலா!"

"இப்போதைக்கி நாலு. மெட்ராசு போய்ச் சேரசொல்ல அஞ்சு ஆயிடும்."

வாத்தியார் மனைவியின் பக்கம் சாய்ந்து, "மெட்ராசுல அஞ்சாவதும் வாங்கப் போறாராம்" என்று கிசுகிசுத்தார். அந்தம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"எதுலங்க அஞ்சும்?" என்றார் வாத்தியார்.

"பால்லதாங்க. ஆறு ஆச்சின்னா சீட்டக் கிழிச்சிடுவாங்க."

"பால்லியா? நான் படிப்பக் கேட்டேங்க."

"படிப்பா? மூணாங்கிளாசுங்க. அதுவும் பாதியில நின்னுட்டேன்."

தணிகாசலம் அவசரமாக பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே ஒரு கோளாறும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சூசையம்மாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். காப்பிக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஒரு சொட்டு கிடையாது. ஊர்ப் பால் மொத்தமும் விடிகாலையிலேயே சொசைட்டிக்குப் போய், அங்கிருந்து சென்டருக்குப் போய், இப்போது அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

"யோவ், அரைச் சொம்பு புடிய்யா."

"சீலு போட்டிருக்குதும்மே."

"உள்ள இருக்குறது பக்கத்து வூட்டு எல்லம்மா எருமைப் பாலுதானே? அதுக்குத் தெனம் கழனித்தண்ணி ஊத்துறவளே நாந்தான்யா!"

"சீலு போட்டப்புறம் அது எல்லம்மா எருமை இல்லம்மே. சர்க்காரு எருமை."

"பொண்ணு வாழ்க்கைய்யா!" அவள் சொம்பைக் குழாய்க்கு நேராக நீட்டினாள்.

அந்தோணி வீட்டைப் பார்த்தார். வாசற்படியில் இரவல் பட்டைக் கட்டிக்கொண்டு லில்லி நின்றிருந்தாள். இந்த இடமும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தார். கை தானாகக் குழாய்க்குப் போயிற்று. கம்பியைத் தொட்டது. பாழாய்ப்போன கம்பி, மயிரளவு இருக்குமா! ஒரு திருகு திருகினால் போதும். தொட்ட கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வாத்தியாரே இரக்கப்பட்டுக் குறுக்கே வந்தார். "அரைச் சொம்புதானுங்களே. யாருக்குத் தெரியப் போவுது?"

"கம்பிக்குத் தெரியுங்க." அந்தோணி இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிக்கோங்க. எம்பொண்ணு தங்கமான பொண்ணுங்க. என்ன வேணா கேளுங்க, பால மட்டும் கேக்காதீங்க."

ரோட்டில் ஒரு கட்டைவண்டி போயிற்று. அது போய் மறைகிறவரை எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

அப்புறம் லில்லிதான் தட்டோடு ரோட்டுக்கு இறங்கி வந்தாள். கடுங்காப்பி. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். வாத்தியார் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எம்மவன் தெனம் வந்து பொலம்புறான். சங்கத்துல, பட்டுல தண்ணி தெளிச்சி எடை கூட்டிக் காட்டுறாங்களாம். கேட்டா சண்டைக்கு வராங்களாம். அவனுக்கும் இந்த மாதிரி ஒரு ஆளு தொணைக்கி இருந்தா நல்லது." மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. "வூட்டுக்கு ஒரு பி.ஏ. போதும். ஈஸ்டர் கழிச்சிக் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்."

"கல்யாணத்தன்னிக்காவது பாலு இருக்குமா?" என்றாள் அந்தம்மாள்.

சூசையம்மாள் சொம்பைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் பானெட்டை அறைந்து மூடி, வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

அந்தோணி சடாரென்று திரும்பி வெப்பமானியிடம் குனிந்தார். எண் தெரியவில்லை. தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். அப்போதும் தெரியவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"இன்னா கருமம், பனி மூடிக்கினு இருக்குது..."

லில்லி தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்குது நைனா" என்று சொல்லி, இரவல் பட்டின் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.