மீனுக்கு வந்த ரொட்டி

நாட்டின் தலைநகரில், முனிர்கா பக்கத்து ஏரியில் பனிமூட்டம் விலகவில்லை. போன வாரம் மீன்கள் செத்து மிதந்ததால், தண்ணீரைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறேன். பாட்டில் நீரில் மருந்தை விடுகிறேன். பிராணவாயு இருந்தால் பழுப்பாக வேண்டும், வெள்ளையாகவே இருக்கிறது.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டச் சேலத்திலிருந்து வந்த பொன்னம்மா, மிஞ்சிய மீன்களுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார். ஊரே புண்ணியத்துக்கு இப்படித்தான் போடுகிறது.

“போடாதீங்கம்மா. அது அழுகினா தண்ணில காத்து இல்லாமப் போயிடும். மீனுக்கு மூச்சு முட்டும்.”

“அச்சா. அப்ப இத நீங்க சாப்பிடுங்க. மூஞ்சி வாடிக் கெடக்குது.”

மீதி ரொட்டியில் பாதியை நீட்டுகிறார். இன்னும் சூடு ஆறவில்லை. தின்றுகொண்டே பாட்டிலை மூடக் குனிகிறேன். முதுகுக்குப் பின்னால் மறுபாதி ரொட்டி தண்ணீரில் விழும் சத்தம். வாய் நிறைய அவருடைய ரொட்டி, திட்டவும் முடியவில்லை.