கறைக்கை

உள்ளங்கை இரண்டும் எப்போதும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், அவள் மருதாணியோடு புழங்குகிறவள் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையே குற்றமாக்கி, பட்டப்பெயராக்கி, கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்த பெருமை அவளுடைய அக்கா வீட்டுக்காரரையே சேரும். அவர் தலைமுடிக்கான மருதாணிப் பொடி விற்கும் வியாபாரி. வைத்த பெயர், கறைக்கை.

அவள் ஒரு சின்ன அழகு நிலையம் வைத்திருந்தாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. அத்தான் கடைப் பொடியைத்தான் கலந்தாள். சொந்தக்காரர் பொடியை யாராவது சந்தேகப்படுவார்களா? தையல்கடை அம்மாவின் நரைக்கு அதைப் பூசிய அன்றைக்கே அந்த அம்மாவின் உச்சந்தலை கொப்பளித்துவிட்டது. நியாயம் கேட்கத் தெருவே திரண்டு வந்தது. அத்தானும் அக்காவும் வந்தார்கள்.

"என் பொடியில ஒரு குறையும் கிடையாது. கலக்குற கை சரியில்லன்னா பொடி என்ன பண்ணும்? அந்தக் கையைப் பாருங்க, கறைக்கை!" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். அதன் பிறகு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள்.

அழுது ஓய்ந்ததும் அவளுக்கு வெறி பிடித்தது. கண்ணில் பட்ட பொடியையெல்லாம் வாங்கி வந்தாள். மெல்லிய துணியில் சலித்து, திப்பியும் மணலும் எதில் மிஞ்சுகிறது என்று பார்த்தாள். மோந்து பார்த்தாள், நல்ல பொடி காய்ந்த புல் மாதிரி மணந்தது. குழைத்து வெள்ளைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள். நல்லதில் மட்டும் ஓரமாக ஆரஞ்சு கசிந்தது. நல்ல பொடியின் நிறம் அழுது வடியும், மங்கல் பச்சை. அத்தானுடையதோ கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினாள். தூள் அடியில் இறங்குவதற்குள் தண்ணீர் முழுக்கப் பச்சையாகிவிட்டது. சாயம்! பார்வைக்கே இவ்வளவு கலந்தவர், முடி சீக்கிரம் கறுக்க இன்னும் என்ன கண்றாவியைக் கலந்தாரோ என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் காட்டினாள்.

"நீயே எதையாவது கொட்டியிருப்ப. அவர் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கல" என்று வாயை அடைத்தார்கள்.

சரி, இனி தன் கையால் எதையும் காட்டக் கூடாது, அவர் கையே காட்டிக்கொடுக்கட்டும் என்று அன்றைக்குக் கறுவிக்கொண்டாள்.

அத்தானிடம் ஒரு வித்தை உண்டு. மூட்டைக்குள் கையை விட்டு, பொடியை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, "நயத்தைப் பாருங்க!" என்று சுற்றிக் காட்டுவார். உடனே ஒரு காய்ந்த துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். ஈரத்தை மட்டும் கிட்டே அண்டவிட மாட்டார். அவருடைய வியாபாரமே அந்தக் காய்ந்த துண்டில்தான் ஓடியது.

புதுப் பொடியைக் காட்டுவதற்கு அழகு நிலையக்காரர்களை எல்லாம் ஒரு கூடத்துக்கு அவர் கூப்பிட்டபோது, இவள் வலியப் போய் நின்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு அத்தான். வர்றவங்களுக்குத் தண்ணி, துண்டு எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்றார்.

தையல்கடை அம்மாவை அவளே கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். அத்தான் கையை முழங்கை வரை மூட்டைக்குள் விட்டார். தேய்த்தார், ஊதினார், பேச்சு களைகட்டியது. பேச்சு மும்முரத்தில் திரும்பிப் பார்க்காமலே துண்டுக்குக் கையை நீட்டினார். நாற்காலியில் கிடந்த காய்ந்த துண்டை அவள் எப்போதோ ஒளித்துவிட்டிருந்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துண்டை வெகு பவ்யமாக நீட்டினாள். அத்தான் அழுத்தித் துடைத்தார். இதமாக இருந்திருக்க வேண்டும், முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

துண்டு பச்சை. கை பச்சை. மூக்கு அதைவிடப் பச்சை.

"மருதாணி எந்த ஊர்ல பச்சையா பிடிக்கும்?" என்று தையல்கடை அம்மா எழுந்தே விட்டார்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் தன் ஆரஞ்சுக் கைகளை அவர் கைக்குப் பக்கத்தில் விரித்தாள். இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்தது.

"இப்பச் சொல்லுங்க அத்தான். யாரு கறைக்கை?"

"துண்டுல... இவ துண்டுல என்னத்தையோ..." என்று அவர் உளறினார். சிலர் அதற்கும் தலையாட்டத் தொடங்கினார்கள்.

அதற்குள் பின்னாலிருந்து அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, தேய்க்காதீங்க, இன்னும் பரவும்! வீட்டுக்கு வாங்க, எண்ணெய் போட்டுத் துடைச்சு விடறேன். எப்பவும் அதுலதானே போகுது!"

சிரிப்பு சட்டென்று நின்றது. எப்பவும். அப்படியானால் தெரு திரண்டு வந்த அன்றைக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் இன்னொரு வெள்ளைத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"இந்தா, உன் கையையும் துடைச்சுக்கோ அக்கா."

அக்கா தரையைப் பார்த்தாள். இந்தத் தடவை தங்கை விடவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அதில் துண்டைத் திணித்தாள்.